வறுத்து அரைக்கிற மெஷின்

பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் அண்ணன், சண்டை அங்கே வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் ரேடியோப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். புதுக்கோட்டையில் கடைத்தெரு மாடி ஒன்றில் அண்ணியும் நானும் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணன் பாட்டுக் கேட்கத்தான் அதை அனுப்பினார். பிறகு ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான், கடிதம் நின்றது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அந்தப் பெட்டியை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஜப்பான்காரன் கையில் இருந்த அந்தப் பக்கத்து ரேடியோ நிலையம் ஒன்று சாயங்காலங்களில், அங்கே மாட்டிக்கொண்ட நம்மவர்களைப் பேச விடும். பெயர், ஊர், தெரு, சுகமாக இருக்கிறேன், வீட்டுக்கு ரெண்டு வார்த்தை. ஆளுக்கு அவ்வளவுதான். எதிரியின் ரேடியோவைக் கேட்பது குற்றம். கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியில் காதை வைத்துக் கேட்போம். அண்ணனும் ஒருநாள் பேசுவார் என்று அண்ணி உறுதியாக நம்பினாள்.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பெட்டி இரையும். காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. ஊர்ப்பெயர் கேட்கும், ஆள் பெயர் கேட்காது. மாடிக்குக் கீழே இருந்த காபித்தூள் கடை மேல்தான் எனக்குச் சந்தேகம். மேல்பாதியில் கொட்டையை மின்சாரச் சூட்டில் வறுத்து, கீழ்ப்பாதியில் அரைக்கிற மெஷின் ஒன்றை அந்தக் கடைக்காரர் மதராஸிலிருந்து வரவழைத்திருந்தார். ரெண்டு வேலைக்கும் ஒரே மெஷின் என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். காபித்தூளுக்கு இத்தனை பவிசா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கலாம். தினமும் அதே நேரத்தில் ஏன் என்று கேட்பாரே. கடையில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், விஷயம் போலீஸ் வரை போய்விடும். பாட்டுக் கேட்க முடியவில்லை என்று பொய் சொல்லி, எலக்ட்ரிக் வேலைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன்.

பஞ்சாயத்தில் அண்ணன் தம்பியைத் தனித்தனியே விசாரிப்பார்களே, அப்படித்தான் அவர் மெஷினை விசாரித்தார்.

"ஒண்ணா ஓட விட்டா எது கத்துதுன்னு தெரியாதுங்க. பிரிச்சுப் பாத்துருவோம்."

வறுக்கிற பாகத்தை மட்டும் ஓடவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து அண்ணி, "சத்தம் இல்ல" என்றாள். அதை நிறுத்திவிட்டு அரைக்கிற பாகத்தை ஓட்டினார். அப்போதும் பெட்டி சாதுவாகவே இருந்தது. கடைக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"என் மெஷின் மேல பழி போட்டீங்களே டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டே எங்களுக்குக் காபி கொடுத்தார். கோளாறு பெட்டியில்தான் என்று முடிவாகி, அதைப் பழுதுபார்க்கத் திருச்சிக்கு அனுப்பினோம்.

திரும்பி வந்த பெட்டி முதல் சாயங்காலமே இரைந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையைக்கூட முடியாமல் கீழே இறங்கி ஓடினேன். மேலே கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது, கீழே தூள் விழுந்துகொண்டிருந்தது. தினமும் அவர் அப்படித்தான் ஓட்டுவாராம். ஒரு ஈடு அரைபடும்போதே அடுத்த ஈடு வறுபடும்.

"அரைக்கிறத மட்டும் நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். "நின்னுருச்சு" என்று மேலிருந்து அண்ணி சொன்னாள். மறுபடி ஓட்டினார், மறுபடி இரைந்தது. தனித்தனியே வாய் திறக்காத இரண்டும் சேர்ந்தால்தான் கத்தின.

அவரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"ஒரு வார்த்த காதோட சொல்லிருந்தா நானே நிப்பாட்டிருப்பேனே தாயி."

அன்றிலிருந்து அந்த நேரத்தில் அவர் மெஷினைத் தொடவில்லை. பெட்டி தெளிவாகப் பேசியது. அண்ணி தலைவாரி, புதுப் பொட்டு வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருவாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொன்னமராவதியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எங்களைத் தேடி வந்தது அந்த நாட்களில்தான்.

"ஒங்க வீட்டுக்காரரு ரேடியோவுல பேசுனாருங்க" என்றார் அண்ணியிடம். "பேரும் தெருவும் சொன்னதால வெசாரிச்சு வாரேன். பஸ்ஸு கெடைக்கல, இல்லாட்டி அப்பவே வந்துருப்பேன்."

என்றைக்கு என்று கேட்டேன். எங்கள் பெட்டி திருச்சியில் இருந்த சமயம் அது.

அதன் பிறகு அண்ணன் பேசவே இல்லை. சண்டை முடிந்ததும், சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன இடத்தில் அவர் காய்ச்சலில் இறந்தார் என்று தெரிந்தது. அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும். வந்தவருக்கு அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்ன சொன்னாக?"

"நல்லா இருக்கேன், ஒடம்பப் பாத்துக்க, தங்கச்சியத் தனியா விட்றாதன்னாருங்க."

"கொரலு எப்படி இருந்துச்சு?"

அவர் திணறினார். "எல்லாரும் பேசுற மாதிரிதாங்க இருந்துச்சு."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் அண்ணி. அவர் தம் கரகரத்த தொண்டையில் அந்த வார்த்தைகளை மறுபடி சொன்னார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.