பாழ்நத்தத்து உலக்கைச் சத்தம்

எங்கள் ஊருக்கு முதன்முதலில் வந்தது நாங்கள்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்காது. இப்போது எத்தனையோ வீடு வந்துவிட்டது, மாரியம்மன் கோயில் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் போதவில்லை என்று சண்டைகூட வருகிறது. அன்றைக்கு இரண்டே குடிசை. நைனாவும் அம்மாவும் நானும் ஒன்றில். அம்மாவின் தங்கச்சியும் அவள் புருஷனும் இன்னொன்றில். எனக்கு எட்டு வயசு இருக்கும், ஒன்பதும் இருக்கலாம். யார் எண்ணி வைத்தார்கள்?

மலையடிவாரத்தில் அது வெறும் ஆவாரங்காடு. நைனா அங்கே பட்டை உரித்து, கட்டுக் கட்டாக வாணியம்பாடித் தோல் ஷாப்புக்கு வண்டியேற்றுவார். தோல் பதப்படுத்த அந்தப் பட்டை இல்லாமல் ஆகாது. சித்தப்பா அந்த ஷாப்பில்தான் தொட்டியில் இறங்கி வேலை செய்தார். அவர் கை முழங்கை வரைக்கும் மஞ்சளாகவே இருக்கும், சோறு பிசைந்தால் சோற்றுக்கும் மஞ்சள் ஏறிவிடுமோ என்று நான் உற்று உற்றுப் பார்ப்பேன். ஷாப்புக்கார பாய் நல்ல மனுஷர். நைனா காட்டை வெட்டிக் கழனியாக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைக்கப் பெரிய தோல் சால் ஒன்று தைத்துக் கொடுத்தார். நாங்கள் உரித்த பட்டையில் பதமான தோல், எங்கள் கிணற்றுத் தண்ணீரையே தூக்கி ஊற்றியது. முதல் சால் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது நான் அதில் குப்புறப் படுத்துக்கொண்டேன், அம்மா முதுகில் இரண்டு வைத்தாள்.

கிணறு எங்களுடையது. மாடு சித்தப்பாவுடையது. இது நினைவில் இருக்கட்டும்.

புதிதாக ஊர் உண்டாக்கினால் எல்லை கட்ட வேண்டும். ஆட்டை வெட்டி, ரத்தம் பிசைந்த சோற்றை இறைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர்கள் ஊரார், வெளியே இருப்பவர்கள் அயலார். கட்டியதைக் கலைக்க முடியாது. நைனா சுற்றி வரும்போது ஒரு காரியம் செய்தார். கிணற்றுக்குக் கிழக்கே புளியமரங்களுக்கு அடியில் ஒரு பாழ்நத்தம் இருந்தது. பெரிய பஞ்சத்தில் ஆள் அற்றுப்போன பழைய ஊர். ஏழு மண்மேடு, ஏழு அடுப்பு, தரையில் புதைந்த ஒரு கல் உரல், அவ்வளவுதான் மிச்சம். ஆனால் நத்தத்து மண் சாம்பலும் சாணியும் ஊறிய மண், அள்ளிப் போட்டால் கேழ்வரகு ஆளுயரம் வரும். அந்த ஆசையில் நைனா பாழ்நத்தத்தையும் சேர்த்து வளைத்துக் கட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பக்கத்து ஊரிலிருந்து ஆடு மேய்க்க வரும் கிழவர் கேட்டார்.

"எல்ல கட்டனியே, உள்ள யார் யார் இருக்காங்கன்னு பாத்துக்கினியா?"

"நாங்க ரெண்டு குடும்பந்தான் பெரியவரே."

"அப்டியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் புளியமரத்துப் பக்கம் பார்த்தார். அன்றிலிருந்து அவர் ஆடுகள் எல்லைக்கு வெளியிலேயே மேய்ந்தன.

அதற்குப் பிறகுதான் உச்சி வெயிலில் உலக்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வேறு எந்த நேரத்திலும் இல்லை. காக்காய்கூடக் கத்தாத வேளையில், பாழ்நத்தத்துப் பக்கமிருந்து தொம், தொம் என்று நிதானமாக யாரோ கம்பு குத்துகிற மாதிரி. முதலில் கேட்டது சின்னம்மா. அவளுக்கு அப்போது நிறைமாசம். கர்ப்பிணிக்கு ரத்தம் காதில் அடிக்கும் என்று நைனா சொன்னார். மறுநாள் அவர் காதிலும் அடித்தது.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அம்மாவுக்குப் பயமே கிடையாது. பல்லியைக் கையால் பிடித்து வெளியே விடுகிறவள். புளியஞ்சருகு கணுக்கால் வரை கிடந்தது. கல் உரலைச் சுற்றிலும் சருகுதான். உரல் குழிக்குள் மட்டும் ஒரு இலை இல்லை. அம்மா உள்ளே கை விட்டுத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தாள். என்ன வாசனை என்று கேட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னம்மா வாணியம்பாடிக்கே திரும்பிப் போய்விடலாம் என்று பிடிவாதமாக நின்றாள். சித்தப்பாவுக்கும் அரைமனசுதான். அவர்கள் போனால் மாடும் போகும். மாடு போனால் கவலை நிற்கும், நட்டு இருபது நாள் ஆன கேழ்வரகு காயும், நாங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நைனா அந்தச் சில நாளில் இளைத்தே போனார். சித்தப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். தோல் நாற்றத்துக்கு ஆசைப்பட்டு ஓடுகிறாயா சகலை என்று கேட்டார். அந்த நாற்றம் உலக்கை எடுத்துக் குத்தாது என்று சித்தப்பா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா முறைத்தார்.

அம்மா யோசித்தது வேறு மாதிரி. ஆடி மாசம் பிறந்திருந்தது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு ஒரு கை மாவு எடுப்பார்கள். அம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு கை, தங்கச்சி வீட்டுக்கு ஒரு கை போட்டாள். பிறகு இன்னும் ஏழு கை அள்ளிப் போட்டாள்.

"இது யாருக்கு?" என்றார் நைனா.

"நீ உள்ள வச்சி கட்டிட்ட. அவங்க எங்க போவாங்க? ஊர்ல பங்கு குடுக்காம வச்சிக்கினா குத்தத்தான் செய்வாங்க."

ஏழு அடுப்பிலும் கூழ் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வெங்காயம் வைத்துவிட்டு வந்தோம். அப்புறம் மூன்று உச்சிவேளை சத்தமே இல்லை. நைனாவுக்கு வாயெல்லாம் பல். சின்னம்மாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"போயிட்டாங்களாக்கா? இல்ல சும்மா கேட்டுக்குனு இருக்காங்களா?"

நான்காம் நாள் காலையில் சித்தப்பா வண்டியில் பானை சட்டி ஏற்றினார். மாட்டைப் பூட்டியும் ஆயிற்று. நைனா கிணற்று மேட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சின்னம்மா வண்டியில் ஏறக் காலைத் தூக்கினாள், தூக்கிய காலோடு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி வந்துவிட்டது.

உச்சிக்குள் பெண் குழந்தை பிறந்தது. சிவப்பாக, கோபமாக, எலிக்குஞ்சு மாதிரி. தொட்டுப் பார்க்க ஓடினேன். அம்மா உள்ளிருந்தே விரட்டினாள். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் உருண்டை பிடிக்க மருந்து இடிக்க வேண்டும், சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறேன், போய் இடி என்றாள். அவள் கைக்கு வேலை இருந்தது. வேறு பொம்பளை யாரும் இல்லை.

எங்கள் உலக்கை என்னைவிட உயரம். தூக்கிப் போட்டேன். நாலு தரம் போடுவதற்குள் தோள் இற்றுப்போனது. ஐந்தாவது தரம் தூக்கியபோது, என் உலக்கை மேலே இருக்கையில், கிழக்கேயிருந்து தொம் என்று ஒன்று விழுந்தது. நான் போட்டேன். தூக்கினேன். மறுபடியும் என் இடைவெளியில் அங்கே விழுந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்களே, அப்படி. உலக்கையைப் போட்டுவிட்டு ஓடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. இன்னொரு ஆள் கூடக் குத்தும்போது கைக்கு ஒரு தாளம் வரும், உலக்கை கனக்காது. சுக்கு மாவாகும் வரைக்கும் குத்தினோம். நான் நிறுத்தியதும் அங்கேயும் நின்றது.

உள்ளே சின்னம்மா கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

"வெளிய பெரிய பாப்பாகூட யாருக்கா குத்தறாங்க?"

"ஊர்க்காரங்கடி," என்றாள் அம்மா.

காயம் உருண்டையை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, சின்னம்மா அதை வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு போட்டு மென்றாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. வாசலில் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள்.

"மாட்ட அவுரு. வெயில்ல நிக்குது பாரு."

சித்தப்பா நுகத்தடியைக் கழற்றினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். பொழுது சாயும் முன்னே நாற்பது சால் இறைத்துவிட்டுத்தான் வண்டியிலிருந்து பானைகளை இறக்கினார்.