துவாரகாவின் வகுப்பில் எனக்கொரு கதிரை

ஆசிரியர் தொழிலில் பெற்றோரை வரச்சொல்லிக் கடிதம் எழுதுவது ஒரு நிமிஷ வேலை. அதே கடிதம் நம் வீட்டுக்கு வரும்போதுதான் அதன் பாரம் தெரியும். வகுப்பையும் வீட்டையும் சேர்த்து இழுக்கிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

சின்னக் கதிரை

நான் திருகோணமலை நகரில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். மகள் துவாரகா வேறொரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு. அவளுடைய வகுப்பாசிரியை, கிண்ணியாவிலிருந்து வரும் பறீனா மிஸ், என்னைக் கூப்பிட்டிருந்தா. பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் முட்ட இருந்து கேட்டேன். துவாரகா ஓரிடத்தில் இருப்பதில்லையாம். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கிழிக்கிறாளாம். ஏசினால் மேசைக்குக் கீழே போய் ஒளிக்கிறாளாம்.

வீட்டில் அவள் அப்படியில்லை என்று வாதாடினேன். அது பொய். பறீனா மிஸ் கோபப்படவில்லை.

"டீச்சர், உங்கட வகுப்பில ஒரு பிள்ளை இப்பிடி இருந்தா, தாய்க்கு என்ன சொல்லுவீங்கள்?"

செல்லம்

கணவர் கட்டாரில் வேலை. செல்லம் கூடிப்போச்சு என்றார்கள் என்னோடு படிப்பிக்கிறவர்கள். தகப்பன் பக்கத்தில் இல்லாத குறை என்றா மச்சாள். இரண்டையும் நம்பினேன். பள்ளியிலிருந்து அடுத்த முறைப்பாடு வந்த அன்று, கோடு போடுகிற அடிமட்டத்தால் காலில் இரண்டு போட்டேன். அவள் அழவில்லை. காலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நான் நல்ல பிள்ளையா இருக்கத்தான் பாக்கிறன். ஏலாமக் கிடக்கு."

வாங்கில் ஓரிடம்

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநலத்துக்கு ஒரு கிளினிக் இருக்கிறது. தெரிந்தவர்கள் கண்டால் என்ன கதைப்பார்களோ என்று இரண்டு தடவை வாசலோடு திரும்பினேன். மூன்றாம் தடவை உள்ளே போனால், காத்திருக்கிறவர்கள் வரிசையாய் இருக்கும் நீள வாங்கில் என் பழைய மாணவி ஒருத்தியின் தாய். "பிள்ளையைக் கொஞ்சம் கண்டிச்சு வளருங்கோ" என்று ஒரு காலத்தில் அவவிடம் சொன்னவள் நான். திரும்பி ஓடிவிட நினைத்தேன். அவ தன் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டா.

"இருங்கோ டீச்சர். இஞ்ச எல்லாரும் தாய்மார்தான்."

வாசலில்

டொக்டர் அவசரப்படவில்லை. வீட்டில் எப்படி, வகுப்பில் எப்படி என்று கேட்டு, பறீனா மிஸ்ஸும் நிரப்ப ஒரு படிவம் தந்தார். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது துவாரகாவுக்கு மற்றவர்களை விடக் கஷ்டம், அது அவளுடைய பிழையுமில்லை, என்னுடையதுமில்லை என்றார். முன்வரிசையில் இருத்தவும், வேலையைத் துண்டு துண்டாய்க் கொடுக்கவும், அடிக்காமலிருக்கவும் சொன்னார். மாதம் ஒருக்கால் போகிறோம். நல்ல நாளும் உண்டு, மேசைக்குக் கீழே போகிற நாளும் உண்டு.

ஆனால் நான் ஏங்கியது சோதனைப் புள்ளிக்காக இல்லை. பள்ளி விடும் நேரம் மற்றப் பிள்ளைகள் சோடி சோடியாய்க் கைகோத்து வருவார்கள். துவாரகா தனிய வருவாள். யாராவது ஒருத்தி அவளுடைய கையைப் பிடிக்கமாட்டாளா என்று தினமும் ஓட்டோக்களுக்கு இடையில் நின்று பார்ப்பேன். போன கிழமையும் தனியத்தான் வந்தாள். பின்னால் வந்த பறீனா மிஸ் என்னருகில் நின்றா.

"இண்டைக்கு இடைவேளையில ஒரு பிள்ளை துவாரகா எங்க எண்டு கேட்டு வந்தது, டீச்சர்."

ஊரார் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிற எனக்கு, சொந்தப் பிள்ளை உதவி கேட்கிறாள் என்று விளங்க முழுசாய் ஒரு வருஷம் எடுத்தது.