என் மகளின் கட்டிலில் வேறொருத்தி

நாங்கள் தர்மபுரத்தில் வயல் செய்பவர்கள். மூத்த மகள் கீர்த்தனா அவுஸ்திரேலியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளை அனுப்பும்போது படிப்புக் கட்டணத்தையும் விமானச் சீட்டையும் நன்றாக விசாரித்தோம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் இவ்வளவு போதும் என்று நாங்களாகவே ஒரு தொகையை வைத்தோம். போதவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

வழமையாக இரவில்தான் கதைப்போம். அவளுடைய பிறந்தநாளன்று மனம் பொறுக்காமல் பகலிலேயே வீடியோ கோல் எடுத்தேன். முன்பின் அறியாத ஒரு பெண் தூக்கக் கலக்கத்தோடு தெரிந்தாள். நான் வாங்கிக் கொடுத்த பூப்போட்ட போர்வையைப் போர்த்தபடி என் மகளின் கட்டிலில் கிடந்தாள். அவள் பேசியது எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

பின்னேரம் மகள் எடுத்தாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. போனை மறந்து கட்டிலிலை விட்டிட்டுப் போனனான். அவள் இரவு வேலைக்குப் போறவள். பகலிலை கட்டில் அவளுக்கு, இரவிலை எனக்கு. அப்பிடி எடுத்தால்தான் நீங்கள் அனுப்புற காசுக்கை வாடகை அடங்கும்."

"காய்ச்சல் வந்தால் பகலிலை எங்கை பிள்ளை படுப்பாய்?"

 

மதில் கட்ட வைத்திருந்த நெற்காசை அனுப்பினோம். இப்போது அவளுக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது.

இளையவளும் வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறாள். இம்முறை, தனிக் கட்டிலோடு ஓர் இடத்துக்கு என்ன வாடகை என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம்தான் முதலில் கேட்டோம். அது எங்கள் கைக்கு எட்டவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு என்மேல் சரியான கோபம். இருக்கட்டும்.