கட்டியக்காரன் புகழ்ந்தால்

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் முடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. ஜொகூரில், ரெங்கம் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நான் அப்போது கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி மாசமாக இருந்தாள். வேலையில் நான் சுமார்தான். ஆனால் வாய் என்று வந்துவிட்டால் என்னை அடித்துக்கொள்ள அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அதனால் மாரியம்மன் திருவிழாக் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் எப்போதும் எனக்குத்தான்.

கூத்தில் ராஜா வீரம் பேசுவார், ராணி அழுவாள், பகையாளி மீசையை முறுக்குவான். கூம்புக் குல்லா வைத்த கட்டியக்காரன் மட்டும் எல்லாருக்கும் நடுவில் புகுந்து எல்லாரையும் கேலி பண்ணுவான். ராஜாவையும் பண்ணுவான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷர்களையும் பண்ணுவான். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது கப்பலேறுமுன் தமிழ்நாட்டு ஊரிலிருந்தே வந்த வழக்கம்.

அந்த வருஷம் முதலில் கிராணியைப் பிடித்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். வெள்ளைச் சட்டை கசங்காமல் நடப்பார், எங்களோடு அதிகம் பேசமாட்டார்.

"எங்க கிராணி ஐயா கை தங்கக் கைங்க! அழுக்குப் பட்டுடுமேன்னு பேனாவைத் தவிர வேற எதையும் தொடாது!"

ஜனங்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நானா நிறுத்துகிற ஆள்? எங்களை மேய்த்து வேலை வாங்கும் கங்காணியிடம் போனேன்.

"நம்ம கங்காணி மாதிரி தர்மப்பிரபு உண்டா? நாம கோழிக்குத் தீனி போட முடியாம கஷ்டப்படுவோமேன்னு, அதுங்களைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்க் காப்பாத்துறாரு! காய்ச்சல்காரனுக்கு வேர்த்தா நல்லதுன்னு அவனையும் வெயில்ல நிறுத்தி வேலை வாங்குறாரு! எந்த டாக்டருக்கு வரும் இந்த ஈவு இரக்கம்?"

கொட்டகையே அதிர்ந்தது. எந்த லயத்து வீட்டில் எந்தக் கோழி காணாமல் போனது என்று எல்லாருக்கும் தெரியும். கங்காணி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் பேரைக் கூப்பிடவில்லை. "தொரை வரச் சொன்னாரு. இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சுது" என்றார்.

சீட்டுக் கிழிந்தால் வேலை மட்டும் போகாது, லயத்து வீடும் போகும். சாயங்காலத்துக்குள் சாமான்களோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? மனைவி சட்டி பானைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்: "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியலியா உங்களுக்கு?" நிஜமாகவே பயந்துபோனேன்.

ஆபீசில் துரை, அவர் பக்கத்தில் கிராணி, எதிரில் கங்காணி. துரை தோட்டத்துக்குப் புதுசாக வந்த வெள்ளைக்கார மானேஜர். பரீட்சைக்காகத் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். "நீ கங்காணி திட்டினது?" என்று கேட்டார்.

"நான் திட்டலீங்க தொரை. அது கட்டியக்காரன் சொன்னது."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கட்டியக்காரன்? அவன் எந்த லயம்? கூப்பிடு!"

கூத்தில் வருகிற வேஷக்காரனை நான் எங்கே போய்க் கூப்பிட? கிராணி இங்கிலீஷில் ஏதோ விளக்கினார். துரை தலையை ஆட்டிவிட்டு, கூத்தில் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார். குல்லாவும் இல்லை, மத்தளமும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். அவருக்குப் புரியாத இடங்களைக் கிராணி எடுத்துச் சொன்னார்.

துரை யோசித்தார். "கங்காணி கோளி காப்பாத்தினான். காய்ச்சல் ஆளுக்கு இரக்கம். நல்ல ஆளு. திட்டு எங்கே?"

கங்காணி பதறிப்போனார். "ஐயோ தொரை, அது புகழ்ச்சி இல்லீங்க! கிராணி ஐயா, உள்ளர்த்தத்தைத் தொரைக்கு எடுத்துச் சொல்லுங்க!"

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். முந்தின நாள் ஊர் கூடிச் சிரிக்கும்படி நான் கேலி பண்ணிய மனுஷர். உள்ளர்த்தம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ளர்த்தம் எனக்குத் தெரியாது, கங்காணி. உமக்குத் தெரிஞ்சால் நீரே சொல்லும். நான் ஒரு சொல்லும் விடாமல் துரைக்கு இங்கிலீசிலை சொல்லுறன்."

கங்காணி வாயைத் திறந்தார், மூடினார். உள்ளர்த்தத்தைச் சொல்வதென்றால் கோழி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். காய்ச்சல்காரனை வெயிலில் நிறுத்தியதையும் சொல்ல வேண்டும். துரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க தொரை. திருவிழா வெளையாட்டு" என்றார் கங்காணி.

துரை என்னை வேலைக்குப் போகச் சொன்னார். அதற்கப்புறம் கிராணியைப் பார்த்து, "உன்னையும் சொன்னானா?" என்று கேட்டார். "ஓம். என்னையும் புகழ்ந்தவன்" என்றார் அவர், முகம் மாறாமல்.

ஆபீஸ் படியில் அவருக்காகக் காத்திருந்து கும்பிட்டேன். "நீ நேத்து செய்ததுக்கு இலக்கணத்திலை ஒரு பேர் இருக்கு, தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வஞ்சப்புகழ்ச்சி. மேலை புகழ்ச்சி, அடியிலை இகழ்ச்சி. நல்லாத்தான் செய்தாய். ஆனால் நான் கொஞ்சம் தோட்டவேலையும் செய்வன். வீட்டுப் பின்னாலை வந்து பார், கத்தரி வைச்சிருக்கிறன்." எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்து அடுப்பை மூட்டச் சொன்னேன். மனைவி அப்போதுதான் அழுதாள்.

கிராணிக்குச் செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றல் வந்தபோது என் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். ஸ்கூல் கொட்டகையில் பிரிவு உபசாரம். நன்றி சொல்ல என்னைத்தான் முன்னால் தள்ளிவிட்டார்கள். விஷயம் முழுக்கச் சொல்ல முடியாது, கங்காணியும் உட்கார்ந்திருக்கிறார். மனசில் இருந்ததை மட்டும் சொன்னேன்.

"எங்க கிராணி ஐயா கை தங்கக் கைங்க. அந்தக் கையாலதான் என் குடும்பம் இன்னைக்கு வீட்ல இருக்கு."

கொட்டகை முழுக்க ஒரே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்டா!" என்று ஒருவன் கத்தினான். "இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன்!" என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். குல்லா தலையில் இல்லை, ஆனாலும் அவர்களுக்கு நான் கட்டியக்காரன்தான்.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தவர் கிராணி ஒருவர்தான். எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். இப்போதும் யாரையாவது மனதாரப் புகழ வேண்டிவந்தால், சுற்றி இருப்பவர்கள் சிரித்தாலும் போகட்டும், அவர் ஒருவருக்கு அன்று புரிந்ததே என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.