இரண்டாவது அட்டை

அச்சகத்தில் அவரை மிஷின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் வாயைத் திறந்தால் கிண்டல், கையை வைத்தால் வேலை சுத்தம். மை காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவார். அந்த விரல்களைத்தான் பறிகொடுத்தார்.

அங்கே அச்சாகும் வாரப் பத்திரிகை வருடக் கடைசியில் ஒரு கூத்து நடத்தும். அந்த வருடம் நாட்டையே ஆட்டிவைத்த பிரமுகர் யார் என்று வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தவர் படம் அட்டையில் வரும். அந்தத் தடவை போட்டி மீசைக்காரருக்கும் கண்ணாடிக்காரருக்கும். இரண்டு தலைவர்களும் மேடையில் வாய்ச்சண்டை போட, கீழே அவர்களுடைய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

"நாட்டை ஆட்டிவைக்கிறது கரண்ட் ஆபீஸ்தான்யா. அவங்க சுவிட்சை அணைச்சா மீசையும் தெரியாது, கண்ணாடியும் தெரியாது. என் ஓட்டு அவங்களுக்கு," என்பார் மிஷின்காரர்.

முடிவு கடைசி நேரத்தில்தான் வரும். அதனால் இருவருக்கும் முன்கூட்டியே அட்டை அச்சடித்து வைத்துவிடுவார்கள். தோற்றவருடைய அட்டையைத் தூள் தூளாக வெட்டிவிட வேண்டும், ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

கண்ணாடிக்காரர் ஜெயித்தார். அடித்துவைத்த அட்டை போதாமல் மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மை சீராக விழும்வரை வேண்டாத தாளைத்தான் மிஷினில் விடுவது வழக்கம். மிஷின்காரர் வெட்ட வேண்டிய மீசைக்காரர் அட்டைகளையே எடுத்து விட்டார். ஒரு மூஞ்சி மேல் இன்னொரு மூஞ்சி விழுந்து, மீசைக்குக் கண்ணாடி மாட்டிய மாதிரி வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். நல்ல தடிமனான தாளாயிற்றே என்று சிலவற்றைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி அவற்றைச் சமையலறை அலமாரியில் விரித்து டப்பாக்களை அடுக்கினாள்.

அவளுடைய தம்பி மீசைக்காரருக்காக உயிரையே கொடுப்பவன். எந்த வேலையிலும் ஒட்டாதவன். மிஷின்காரர்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனைக் கொஞ்ச நாள் அச்சகத்தில் சேர்த்துவிட்டார். பச்சைப் பொத்தான் ஓடுவதற்கு, சிவப்பு நிற்பதற்கு. அதற்கு மேல் துரை கற்றுக்கொள்ளவில்லை. அதையே அக்காவிடம் பெரிய வித்தையாகப் பீற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை சாப்பிட வந்தவன் உப்பு டப்பாவை எடுக்கப்போய் அப்படியே நின்றான்.

"என்ன மாமா இது? எங்க தலைவர் மூஞ்சி மேல அந்தாளு மூஞ்சி!"

"கழிவுத் தாள்டா. மை சரியா விழுதான்னு பாக்க ஓட்டினது."

"கதை விடாதீங்க. அவருக்கு அட்டை அடிச்சிருக்கீங்கன்னா ஜெயிச்சது அவருதானே? அப்புறம் மேல மாத்தி அடிச்சிட்டீங்க!"

"ரெண்டு பேருக்கும் அடிச்சுதான்டா வைப்போம். உக்காந்து சாப்பிடு."

அவன் காதில் ஏறவில்லை. கையைக்கூடக் கழுவாமல் தாளை வெடுக்கென்று உருவிக்கொண்டு போனான். டப்பாக்கள் தரையில் உருண்டன.

அன்று பிற்பகலே கூட்டம் அச்சகக் கதவை இரும்புத் தடியால் பிளந்துகொண்டு நுழைந்தது. முதலாளி பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார். மிஷின்காரரும் ஓடியிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் மச்சினன் நிற்பதைப் பார்த்ததும், நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டார். பாவி மனிதர்!

முதல் அடி வாயில் விழுந்தது. பல் தெறித்தது. விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள். மை டப்பாவைத் தலையில் கவிழ்த்தார்கள். ஒரு தடியன் அந்தத் தாளை அவர் முகத்தில் அறைந்தான்.

"எங்க தலைவர் மேல எந்தக் கையால அடிச்ச?"

வலது கையைப் பிடித்து முறுக்கி, உருளைகளின் இடுக்கில் திணித்தார்கள். மிஷினை ஓட்ட மட்டும் எவனுக்கும் தெரியவில்லை. மிஷின்காரர் மச்சினனையே பார்த்தார். வாய் நிறைய ரத்தம், பேச்சு வரவில்லை.

"நீ இங்க வேலை பாத்தவன்தானே?" தடியன் அவனைப் பிடித்துத் தள்ளினான். "இல்ல, நீயும் இவன் ஆளா?"

அவன் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

எலும்பு நொறுங்கிய சத்தத்தில் தடியனே பின்வாங்கினான். எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் மச்சினன். சிவப்புப் பொத்தானை மிஷின்காரரேதான் இடது கையால் எட்டி அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். "என் தம்பி அங்க இருந்தானா?"

"இல்ல." அவனைப் பெற்றவள் மாதிரி வளர்த்தவள் அவள். "எவனோ பொத்தானை அமுக்கிட்டான்."

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அச்சகத்தில் வாசல் காக்க உட்கார வைத்தார்கள். வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்லி அழுவது?

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. மீசைக்காரரும் கண்ணாடிக்காரரும் கட்டிப்பிடித்துக் கூட்டணி வைத்தார்கள். வாசகர்கள் இருவருக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டார்கள். மச்சினன் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடி வந்தான்.

"பாருங்க மாமா, ரெண்டு பேரும் ஒரே அட்டையில! இனிமே நமக்குள்ள சண்டையே இல்ல."

மிஷின்காரர் எழுந்தார். இடது கையை ஓங்கிப் பளாரென்று ஓர் அறை விட்டார். அவன் சுவரில் போய் மோதினான்.

மனைவி பதறிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். "எதுக்குங்க என் தம்பியை அடிக்கிறீங்க?"

"மிஷினை ஓட்டுற பொத்தான் எதுன்னு அவனையே கேளு."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துபோயிற்று. கையிலிருந்த கரண்டியாலேயே அவனைத் தெருவரை அடித்துத் துரத்திவிட்டு, உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.