செருப்புப் போட்டுத் திறக்கும் ஃப்ரிட்ஜ்

என் மச்சான் ஸரூக்கைப் பதுளை பஸாரில் தெரியாதவர்கள் இல்லை. அப்படி யாராவது இருந்தால் அவரே போய்த் தன்னைப் பற்றிச் சொல்லிவிடுவார். துணிக்கடை வைத்திருக்கிறார், சத்தமாகப் பேசுவார், நாலு பேர் கண்ணில் படுகிற எதையும் புதுப்பிப்பார். கண்ணில் படாத எதையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இந்த மனுஷனுக்குத்தான் என் கூடப்பிறந்த மூத்தவள் நளீரா ராத்தாவைக் கட்டிக் கொடுத்தோம்.

வீடு மச்சானுடைய வாப்பா கட்டியது. சுவருக்குள் ஓடுகிற வயரும் அந்தக் காலத்து வயர். பாத்ரூமுக்கு டைல்ஸ் பதித்தபோது மச்சான் பழைய இரும்புக் குழாய்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டார். அந்த வீட்டுக்கு எர்த் என்று இருந்ததே அந்த இரும்புக் குழாயில் சுற்றியிருந்த ஒரு கம்பிதான். எதிலாவது கரண்ட் கசிந்தால் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். குழாய் போனதும் வழியும் போனது. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது.

அறிவுள்ளவன் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவான். மச்சான் ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். அதைக் குசினி வாசலில் போட்டு, இதை மாட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திற என்று ராத்தாவுக்குக் கட்டளை. கொஞ்ச நாளில் அதற்கு 'ஃப்ரிட்ஜ் செருப்பு' என்று பெயரும் வந்துவிட்டது. நான் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டை எடுக்கிற வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மச்சானிடம் கேட்டால், சின்னக் கூச்சம்தானே, இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று சிரிப்பார்.

போன வருடம் அவர்களுடைய மகள் ஸனாவின் மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. அவர் போனதும் ஸனா பிள்ளையோடு உம்மா வீட்டுக்கே வந்துவிடுவது என்று முடிவானது. வெலிமடையில் கட்டிக் கொடுத்த பிறகு ராத்தா மகளைக் கண்ணாரக் கண்டதே பெருநாளுக்குப் பெருநாள்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பேத்தி இஸ்ரா அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். அதை நினைத்ததும் ராத்தாவின் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனிடம் ஒன்றை விடாமல் கேட்டாள்: அவர்கள் வருமுன் வயரிங்கை மாற்ற வேண்டும்.

மச்சான் சரி என்றார். சரி என்றுவிட்டு ஹோலுக்குச் சீலிங் அடிக்க ஆள் பிடித்தார். நட்சத்திரம் மாதிரி குட்டிக் குட்டி லைட் வைத்த சீலிங். சம்பந்தி வீட்டார் மகளைக் கொண்டுவந்து விடும்போது அண்ணாந்து பார்க்க வேண்டுமாம்.

லைட் பூட்ட ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து வயரிங் வேலை செய்கிற கஜேந்திரன் பாஸ் வந்தார். போர்டைத் திறந்தவர் அப்படியே மூடினார்.

"மொதலாளி, இந்த வீட்டுக்கு எர்த்தும் இல்ல, கரண்ட் கசிஞ்சா தானா அணையுற ட்ரிப் சுவிட்சும் இல்ல. மொதல்ல வயரிங்க மாத்துவோம். சீலிங்க பொறகு அடிங்க. இல்லாட்டி அதையும் ஒடைக்க வேண்டி வரும்."

தோட்டத்து லயத்தில் வயர் இழுக்கிறவன் எனக்குப் புத்தி சொல்கிறானா என்று மச்சான் குதித்தார். கஜேந்திரன் கோபித்துக்கொண்டு, அன்று அங்கே நின்ற என்னிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சொன்னதைச் செய்கிற வேறொருவன் வந்து லைட்டைப் பூட்டினான். அன்றிரவு மச்சான் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் விளையாடியதை ராத்தா என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த வெறுப்பை எழுதினால் காகிதம் தாங்காது.

ஸனா வந்த நாள் நானும் போயிருந்தேன். அவளுடைய மாமியார் ஹம்ஸியா அண்ணாந்து பார்த்தார், மாஷா அல்லாஹ் என்றார். மச்சானுக்கு உச்சி குளிர்ந்தது. குசினி வாசலைப் பார்த்தேன், செருப்பைக் காணோம். விருந்தாளிகள் பார்த்தால் வெட்கக்கேடு என்று மச்சான் காலையிலேயே எடுத்து ஒளித்துவிட்டாராம். ராத்தா ஹோலுக்கு வராமல், ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் காவல் இருந்தாள்.

சாப்பாடு முடிந்தது. இனிப்புக்கு வட்டிலப்பத்தை எடுத்து வரச்சொல்லி மச்சான் சத்தம் போட்டார். உம்மாவுக்கு உதவி செய்யலாம் என்று, கரண்ட் கதை தெரியாத ஸனா வெறுங்காலோடு எழுந்து போய் ஃப்ரிட்ஜை நோக்கிக் கையை நீட்டினாள். ராத்தா கதிரையிலிருந்து பாய்ந்து அவளைத் தள்ளிவிட்டாள். ஸனா சுவரில் மோதி நின்றாள். எல்லோரும் குசினிக்கு ஓடினோம்.

இனி எதை மறைப்பது? கரண்ட் அடிப்பதையும் செருப்புக் கதையையும் ராத்தா சம்பந்தியின் முன்னாலேயே கொட்டித் தீர்த்தாள். மச்சான் வழக்கமான சிரிப்பைச் சிரித்து, சின்னக் கூச்சம்தானே என்று ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள தவழுது. அதுக்கு நான் எங்க செருப்பு மாட்டுற?" என்று கேட்டாள் ராத்தா.

மச்சான் ஹம்ஸியாவைப் பார்த்து இன்னும் சிரித்தார். ஸனா பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சின்னக் கூச்சம்தானே வாப்பா. நீங்க தொறங்க. வெறுங்காலோட."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்குச் சீனி வருத்தம்" என்றார். "நான் வட்டிலப்பம் சாப்பிடுறல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஹம்ஸியா தாங்கள் வந்த வேனுக்குப் போனார். ஸனா இன்னும் பிரிக்காத பெட்டிகளைத் திரும்ப ஏற்றினாள். கடைசியில் ராத்தாவும் அபாயாவை மாட்டிக்கொண்டு வந்து பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மச்சான் கேட்டைப் பிடித்தபடி, எங்கே போகிறாய் என்று கேட்டார். ராத்தா வேன் கதவை இழுத்து மூடினாள்.

மறுநாள் பின்னேரம் மச்சான் என் வீட்டுக்கு வந்தார். ராத்தாவுக்கு நான் சமாதானம் சொல்ல வேண்டும் என்று கேட்பார் என நினைத்தேன். அதற்கல்ல. ஃப்ரிட்ஜுக்குள் இறைச்சி இருக்கிறதாம், கொஞ்சம் வந்து எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு நீங்களே எடுக்க வேண்டியதுதானே என்றேன்.

"செருப்புப் போட்டாலும் பயமா இருக்கு" என்றார்.

பொய் சொல்லவில்லை. கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது. தண்ணீர் கொண்டு வா, பால் கொண்டு வா, மீன் கொண்டு வா என்று ஹோலில் உட்கார்ந்தபடி என் ராத்தாவை ஏவிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பயம் அவருக்குள் இருந்திருக்கிறது. கஜேந்திரனின் நம்பரை அவர் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.