வாய்க்குள் ஒரு வரப்பு

புதுக்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எனக்கு முந்தைய டோக்கன் ஒருவருடையது. அன்னவாசல் பக்கத்து விவசாயி, ஐம்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் துண்டின் நுனியால் வாயை மூடிக்கொள்வார்.

எங்கள் இருவருக்குமே ஈறைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பக்கத்துக்கு நாலாயிரம் ரூபாய். வாய்க்கு நாலு பக்கம் என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

"இங்கிட்டு ஒன்னு, அங்கிட்டு ஒன்னு. வாய்க்கு ஏதுங்க நாலு பக்கம்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

மேலே வலது, இடது. கீழே வலது, இடது என்று விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு நாக்கால் வாய்க்குள் ஒரு சுற்று அளந்து பார்த்தார்.

"சரிங்க. வலதுக்கும் இடதுக்கும் வரப்பு எங்க இருக்கு?"

"முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல."

"எனக்கு அந்த வரப்புலதாங்க ரத்தமே வருது. ஒரு பக்கத்துக்குக் கட்டணுமா, ரெண்டுக்குமா? நாலாயிரந்தான் கொண்டாந்திருக்கேன்."

உள்ளே கேட்கச் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தவரிடம், "என்ன சொன்னாங்க?" என்றேன். உதடு மரத்துப் பேச்சு வரவில்லை. வாயைப் பொத்தியபடியே இரண்டு விரலைக் காட்டினார். பிறகு ஒன்றை மடக்கினார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டார்களா, இன்னொன்றுக்கு மறுபடி வரச் சொன்னார்களா? யோசிப்பதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து நடக்கும்போது என் நாக்கு தானாகவே முன்பல்லுக்கு நடுவில் வரப்பைத் தேடிக்கொண்டிருந்தது.